தேர் ரூஜ் கழிமுகம்: பெரிய மணல் உப்புக்கொத்தி சிக்கியது

சிக்கிவிட்டது! மணல் உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையில் பெரிய மணல் உப்புக்கொத்தி, சின்ன மணல் உப்புக்கொத்தி என்று பார்க்க ஒரே மாதிரி இரண்டு இனம். போன சீசன் முழுக்க "பெரியதா, சின்னதா" என்று என்னை அலையவிட்டது, பெரியதேதான். யாரும் மறுக்க முடியாத படம் கையில் இருக்கிறது.

தேர் ரூஜ் சரணாலயம் 26 ஹெக்டேர்தான், 2001-லேயே உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. மொரீஷியஸில் கடல் ஏறி இறங்குவதே அரை மீட்டர் அளவுக்குத்தான் என்பதால், நீர் வற்றும்போது தெரிகிற சேற்றுப் பட்டையில் எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள். கல்திருப்பி, சாம்பல் உப்புக்கொத்தி, வளை அலகு உள்ளான், ஓரமாக ஒரு சின்னக் கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்). இவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராக நம் ஆளைத் தேடினேன்.

கால் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் பெரியது, கருமையாக இருந்தால் சின்னது என்று கையேட்டில் இருக்கும். இங்கே சேற்றுக்குள் நிற்கிற எல்லாக் காலும் கறுப்புதான்! உருவ அளவும், பக்கத்தில் மற்றது வந்து நின்றால் தவிர, உதவாது. நான் நம்புவது அலகை மட்டும். அலகு தொடங்கும் இடத்திலிருந்து கண்ணின் பின் ஓரம் வரை உள்ள தூரத்தை எடுத்து, அப்படியே முன்பக்கம் திருப்பி அலகின் மேல் போட்டுப் பாருங்கள். அலகு அதைத் தாண்டி நீண்டால் பெரியது. ஆனால் பறவை அசல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலையை இம்மி நம் பக்கம் திருப்பினாலும் அலகு குட்டையாகிவிடும். இதுவோ நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். அந்த நிற்கிற நொடியில்தான் எடுக்க முடியும்.

அந்த நொடியில் பார்த்துத்தான் தென்கிழக்குக் காற்று, நான் படம் எடுக்கிற ஸ்கோப்பை (தொலைநோக்கியை) ஆட்டும். ஆடாமல் இருக்க மேலே போடுவதற்கு இணையத்தில் வாங்கிய எடைப்பை முதல் மழையிலேயே தையல் விட்டுவிட்டது, தண்டக் காசு. ரோஸ்ஹில்லில் ஒரு தையற்காரரிடம் கான்வாஸ் துணியில் பை தைத்து, மைசூர் பருப்பை நிரப்பி, ஸ்கோப்பின் மேலேயே போட்டேன். ட்ரைபாட் காலையும் நீட்டவில்லை. தரையில் குந்தி எடுத்ததில் முட்டி வலிக்கிறது, படம் கல் மாதிரி நிற்கிறது. எட்டு மணிக்கு மேல் வெயிலில் காற்று நெளிகிற கானல் அலை கிளம்பிவிடும், அப்புறம் எந்தப் பருப்பும் உதவாது.

போகிற வழியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கலெபாஸ் பக்கம் கரும்புத் தோட்டத்து ரோடு, இன்னும் சரியாக விடியவில்லை. ஹெட்லைட்டில் ஏதோ நெளிந்தது. தாங்! முள்ளெலி மாதிரி இருக்கும் டென்ரெக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கூர்மூக்கை நீட்டித் தரையை மோந்தபடி தாய், பின்னாலேயே குட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. குட்டிகளின் முதுகில் மட்டும் வெளிர்க் கோடுகள். மடகாஸ்கரிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி, ஒரே ஈற்றில் பத்துக்கு மேல் போடும். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் காலை ஊன்றி எட்டிப் பார்த்து, "நல்ல கறி போகுதே" என்று கிரியோலில் பெருமூச்சு விட்டார். கடைசிக் குட்டி கரும்புக்குள் நுழையும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை, அவரும்தான். கேமரா டிக்கியில் கிடந்தது.

அடுத்து புவான்ட் தெஸ்னி சதுப்புக்குப் போக ஆசை. அதற்கு முன் உப்புக்கொத்தி பறக்கும்போது ஒரு படம் வேண்டும். பெரியதற்குக் கால்விரல் நுனி வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரலுக்குள் எடுத்தாக வேண்டும், அப்புறம் வடக்கே கிளம்பிவிடும். பறவையோடு சேர்ந்து திரும்புகிற ட்ரைபாட் தலை வேறு தேவைப்படும். பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.