நீலப் புள்ளிகள்

செல் சிகிச்சை ஆய்வகம் ஒன்றில் நான் சேர்ந்த முதல் வருடம். நரம்பு செல்களாக மாறக்கூடிய மனித முன்னோடி செல்களுக்கு, எம்ஆர்ஐ படத்தில் கறுப்பாகத் தெரிவதற்காக இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ஊட்டி, எலிகளின் மூளையில் செலுத்தியிருந்தோம். ஆறாவது வாரமும் எம்ஆர்ஐ படத்தில் ஊசி போட்ட இடம் கறுப்பாகவே தெரிந்தது. செல்கள் தங்கிவிட்டன என்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மூளையைச் சீவி ஸ்லைடு போட்டபோது, இரும்பை நீலமாகக் காட்டும் பிரஷ்யன் ப்ளூ சாயத்தில் பளிச்சென்று நீலப் புள்ளிகள். அடுத்த சீவலில் மனித செல்லின் உட்கருவை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியைப் போட்டோம். ஒன்றுமே இல்லை. மனித செல் இருப்பது உறுதியான கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதில் நன்றாக ஏறியிருந்தது. எங்கள் செல்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. அவை விட்டுப்போன இரும்பை எலியின் மேக்ரோபேஜ்கள், அதாவது உடலின் கழிவை விழுங்கும் செல்கள், விழுங்கி வைத்திருந்தன. எழுதியவரை அறிக்கையை அழித்தேன்.

அதற்கு அப்புறம்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, செல் சிகிச்சைகளை மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் சோதிப்பது பற்றி 2013 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். உள்ளே போன செல் பிழைத்ததா, எங்கே நகர்ந்தது, என்னவாக மாறியது, பெருகுகிறதா, வேண்டாத இடத்தில் குடியேறியதா என்று வரிசையாகக் கேட்கிறது. இன்ன முறையில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் எடுத்த முறை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் என்று காட்டுவது நம் பொறுப்பு. ஒரு நோயாளியின் மூளையைச் சீவிப் பார்க்க முடியாது. பார்க்க முடிந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஜெரான் நிறுவனத்தின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தண்டுவடக் காயத்துக்கான அவர்களுடைய கருமூலச் செல் சிகிச்சையை மனிதர்களில் சோதிக்க 2009 ஜனவரியில் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. ஒரு விலங்கு ஆய்வில் காயம்பட்ட இடத்தில் நுண்ணிய நீர்க்கட்டிகள் தெரிந்ததால் ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டது. 2010 ஜூலையில் தடை விலகி, அக்டோபரில்தான் முதல் நோயாளிக்குச் செல்கள் போயின. அந்தத் தாமதம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் அடுத்த ஆய்வில், துளி டிஎன்ஏவையும் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையைச் சேர்த்தோம். மனித மரபணுத் தொகுதியில் ஆலு என்ற டிஎன்ஏ வரிசை 10 லட்சம் தடவைக்கு மேல் வருகிறது. அதைத் தேடினால் எலியின் உறுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய மனித செல்கள்கூடச் சிக்கிவிடும். ஆனால் ஓர் எலியின் விரையில் சிக்னல் வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. செல்லே போடாத எலியிலும் அதே சிக்னல் வந்த பிறகுதான் புரிந்தது: மூளையை வெட்டிய அதே கத்தரிக்கோல். துடைத்திருந்தோம், அது போதவில்லை.

மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தோம். இப்போதெல்லாம் செல் போடாத எலிகளைத்தான் முதலில் அறுப்போம், ஊசி போட்ட இடத்தைக் கடைசியில் தொடுவோம், உறுப்புக்கு ஒரு புதுக் கத்தரிக்கோல்.