ஜெனரல் ஸ்டடீஸ் டிகிரி: டெக்ஸஸில் கிரெடிட் கணக்கைச் சரியாக முடிக்கும் வழி

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) ஜெனரல் ஸ்டடீஸ் எனும் பொதுப்படிப்பு என்றால் பிடித்த பாடங்களாகப் பார்த்து எடுத்து 60 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) சேர்த்தால் போதும் என்று நம்பிச் சேர்கிறவர்கள் நிறைய. கடைசி செமஸ்டரில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் 64 கிரெடிட் இருக்கும், பட்டம் கிடைக்காது. இந்த டிகிரியில் நம் இஷ்டத்துக்கு விட்டிருப்பது எலெக்டிவ் பகுதியை மட்டும்தான். அதை நிரப்புவது சுலபம் என்பதால் எல்லோரும் முதலில் அதையே நிரப்புகிறார்கள். கட்டாயப் பகுதி கடைசியில் தள்ளப்பட்டு வழியை மறிக்கிறது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் நம்மவர்கள் கணிசமாக இருப்பதாலும், அங்கே அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிமுறை இருப்பதாலும் டெக்ஸஸை வைத்தே எழுதுகிறேன். ஊரில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) வந்தவர்கள், பத்து வருடத்துக்கு முன் இங்கேயே இரண்டு செமஸ்டர் படித்து நிறுத்தியவர்கள், வேலையில் பதவி உயர்வுக்கு ஒரு டிகிரி தேவைப்படுபவர்கள், இவர்களுக்கெல்லாம் இது நிஜமாகவே கைகொடுக்கும் படிப்பு. இதை மட்டமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளின் கோர், அதாவது எல்லோருக்கும் கட்டாயமான பொதுப் பாடத்திட்டம், 42 கிரெடிட். பிரிவு இப்படி: கம்யூனிகேஷன் 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக அறிவியல் 3, கல்லூரியே தீர்மானிக்கும் கூடுதல் பகுதி 6. 60 கிரெடிட் அசோசியேட் பட்டத்தில் (கம்யூனிட்டி காலேஜ் தரும் பட்டம்) இந்த 42 போக மிச்சம் 18தான் எலெக்டிவ். இதிலும் சில கல்லூரிகள் ஓரிரு பாடங்களைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும். கோரில் ஒரு பாடம் இரண்டு பிரிவுகளுக்குப் பொருந்துவதாகப் பட்டியலில் இருந்தாலும், ஒன்றில்தான் கணக்கில் வரும்.

பாட எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்கு மாநிலம் முழுக்கப் பொதுவான நான்கு இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பதையும், இரண்டாம் இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதையும் காட்டும். இங்கிலீஷ் 1301 என்றால் முதலாண்டுப் பாடம், 3 கிரெடிட். பயாலஜி 1408 என்றால் முதலாண்டு, 4 கிரெடிட், லேபோடு சேர்த்து. முதல் இலக்கம் பூஜ்யமாக இருந்தால் அது அடித்தளப் பயிற்சி வகுப்பு. அதற்குப் பணம் கட்டுவோம், மதிப்பெண்ணும் வரும், ஆனால் பட்டத்துக்கான 60இல் ஒரு கிரெடிட்கூடச் சேராது.

அந்தப் பூஜ்ய வகுப்புகளுக்குள் போகாமல் தப்பிக்க டிஎஸ்ஐ தேர்வை, அதாவது கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டெக்ஸஸ் தேர்வை, கவனமாக எழுத வேண்டும். இப்போதைய டிஎஸ்ஐஏ2 தேர்வில் கணிதத்துக்கு 950, ஆங்கில வாசிப்பு-எழுத்துக்கு 945, கட்டுரைக்கு 5 எடுத்தால் நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் உட்காரலாம். நம்மவர்கள் பலர் பிளஸ் டூ கணிதத்தை நம்பித் தயாரிப்பே இல்லாமல் போகிறார்கள். பதினைந்து வருடம் அல்ஜீப்ராவைத் தொடாத கை தடுமாறத்தான் செய்யும். தேர்வுக்கு முன் இணையத்தில் ஒரு முன்னோட்டப் பயிற்சியை முடித்தாக வேண்டும், அதைக் கடமைக்குச் சொடுக்கித் தள்ளாமல் நிஜமாகச் செய்தாலே நிறைய நினைவுக்கு வந்துவிடும்.

கணிதத்தையும் இங்கிலீஷ் 1301, 1302 இரண்டையும் முதல் இரண்டு செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். பட்டத்தைத் தாமதப்படுத்துவதில் கணிதத்துக்குத்தான் முதலிடம். ஜெனரல் ஸ்டடீஸில் கல்லூரி அல்ஜீப்ரா, அதாவது 1314, பெரும்பாலும் கட்டாயம் இல்லை. 1332 எண்ணுள்ள பொதுக் கணிதமோ 1342 புள்ளியியலோ போதும். சைக்காலஜி, சோஷியாலஜி பக்கம் போக நினைத்தால் 1342 மேல். பின்னால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கோ பிசினஸுக்கோ மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே அல்ஜீப்ரா வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அறிவியலில் ஒரு நுணுக்கம். கோருக்குத் தேவை 6 கிரெடிட், லேபோடு கூடிய இரண்டு பாடம் எடுத்தால் 8 வரும். கூடுதல் 2 கிரெடிட் கூடுதல் பகுதிக்கோ எலெக்டிவுக்கோ போகும். எங்கே போகிறது என்பதைக் கல்லூரியே தீர்மானிப்பதால், கையால் கூட்டும் கணக்கு டிகிரி ஆடிட்டோடு (எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் கல்லூரியின் கணினிப் பதிவு) ஒத்துப்போகாமல் ஒன்றிரண்டு கிரெடிட் குறைகிற சம்பவம் அடிக்கடி நடக்கும். சந்தேகம் வந்தால் ஆடிட் திரையையே நம்புங்கள்.

வரலாறும் அரசாங்கமும் சேர்ந்த 12 கிரெடிட் டெக்ஸஸ் மாநிலச் சட்டப்படி வந்தது. ஹிஸ்டரி 1301, 1302. கவர்ன்மென்ட் 2305, 2306. ஊரில் எம்.ஏ. வரலாறே படித்திருந்தாலும் இந்திய வரலாறு இதற்கு ஈடாகாது. நேரமும் பணமும் மிச்சப்படுத்த கிளெப் தேர்வு உண்டு, வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கிரெடிட் வாங்கும் தேர்வு அது. 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் பொதுவாக 50 எடுத்தால் கிரெடிட் தருவார்கள். அமெரிக்க வரலாற்றின் இரு பகுதிகளுக்கும் 2305க்கும் கிளெப் இருக்கிறது. 2306 டெக்ஸஸ் மாநில அரசியலமைப்பைப் பற்றியது, அதற்குக் கிளெப் கிடையாது, பெரும்பாலும் வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கிளெப்பில் தவறினால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், பட்டம் வாங்கும் செமஸ்டருக்கு என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து கிரெடிட் கொண்டுவருபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் (வெளிநாட்டுப் படிப்பு அமெரிக்காவில் எதற்கு ஈடு என்று கணித்துச் சொல்லும் நிறுவனம்) அறிக்கையை உங்கள் கல்லூரி ஏற்கும் என்பது. இரண்டாவது, பாடவாரியான மதிப்பீட்டையே வாங்குங்கள். விலை குறைவு என்று பொது மதிப்பீட்டை வாங்கினால் அதில் பட்டத்தின் சமநிலை மட்டும் இருக்கும். பாடத்துக்குப் பாடம் கிரெடிட் போடக் கல்லூரிக்கு வழி இருக்காது, மறுபடி பணம் கட்ட வேண்டும். அரியர் உள்ள பாடங்கள் கணக்கில் வராது, தேறியவை வரும். ஆகவே பட்டம் முடிக்காவிட்டாலும் தேறிய செமஸ்டர்களின் மதிப்பெண் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைப்பது வீண்போகாது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரியின் பகுதி-1 தமிழ் பெரும்பாலும் மொழி அல்லது எலெக்டிவாகச் சேரும். பகுதி-2 ஆங்கிலம் இங்கிலீஷ் 1301க்குப் பதிலாக ஏற்கப்படுவது அரிது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எவ்வளவு கிரெடிட் கொண்டுவந்தாலும், டெக்ஸஸ் கல்லூரிகளை அங்கீகரிக்கும் எஸ்ஏசிஎஸ்சிஓசி அமைப்பின் விதிப்படி, பட்டத்துக்கான கிரெடிட்டில் குறைந்தது 25 சதவீதம் பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்ததாக இருக்க வேண்டும். அசோசியேட்டின் 60க்கு 15, இளங்கலையின் 120க்கு 30. கிளெப் கிரெடிட் இந்தப் பதினைந்தில் சேராது.

மதிப்பெண் பக்கம் வந்தால், சராசரி (ஜிபிஏ) 2.0 வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 'ஏ' என்றால் 4 புள்ளி, 'பி' 3, 'சி' 2. 45 கிரெடிட் முடித்து ஜிபிஏ 1.9இல் நிற்பவருக்கு 85.5 புள்ளி இருக்கிறது. 60 கிரெடிட்டுக்கு 120 புள்ளி வேண்டும். மீதி 15 கிரெடிட்டில் 34.5 புள்ளி, அதாவது சராசரி 2.3. ஐந்து பாடத்தில் நான்கு 'சி', ஒரு 'பி' வாங்கினால் 33 புள்ளிதான், போதாது. மூன்று 'சி', இரண்டு 'பி' வாங்கினால் 36, தப்பித்துவிடலாம். இந்தக் கணக்கைப் பதினைந்து கிரெடிட் மிச்சமிருக்கும்போதே போட்டுப் பார்த்தால் சரிசெய்ய இடம் இருக்கும். மூன்று கிரெடிட் மிச்சமிருக்கும்போது இருக்காது.

ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் விலகும் தேதி முக்கியம். நீண்ட செமஸ்டரில் (இலையுதிர், வசந்தப் பருவங்களில்) 12ஆவது வகுப்பு நாளுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், தடமே இருக்காது. அதற்குப் பிறகு 'டபிள்யூ' (விலகியதற்கான குறி) விழும். 2007 இலையுதிர் பருவத்திலோ அதற்குப் பின்னோ முதன்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு, டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆறு முறைதான் இப்படி விலக அனுமதி. நோய், குடும்ப மரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆவணத்தோடு கேட்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவி வாங்குபவர்கள் (கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவர்கள், எச்-4க்கு இது கிடையாது) இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது தேறியிருக்கச் சொல்லும். 60 கிரெடிட் பட்டத்துக்கு முயன்ற கிரெடிட் 90ஐத் தாண்டினால் உதவி நிற்கும். ஏற்றுக்கொள்ளப்பட்ட டிரான்ஸ்ஃபர் கிரெடிட்டும் அந்த 90இல் அடக்கம்.

பழைய மதிப்பெண்கள் மோசமாக இருப்பவர்களுக்கு டெக்ஸஸில் அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட் என்று ஒரு சலுகை இருக்கிறது. சேர்க்கையின்போது கேட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய கிரெடிட்டுகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 'எஃப்' மட்டும் போய் 'ஏ' தங்காது, மொத்தமாகப் போகும். ஆகவே அந்தக் காலத்தில் தேறிய பாடங்கள் அதிகம் என்றால் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அசோசியேட்டோடு நிற்காமல் இளங்கலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கோர் முழுவதும் முடிந்தால் டிரான்ஸ்கிரிப்டில் 'கோர் கம்ப்ளீட்' என்று பதிவாகும். அதோடு போனால் டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகம் அந்த 42ஐ மொத்தமாகத் தன் கோருக்கு ஈடாக ஏற்க வேண்டும். ஒரே ஒரு பாடம் பாக்கி வைத்துப் போனாலும் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்ப்பார்கள், புதிய இடத்தின் விதிப்படி ஒன்றிரண்டு கூடுதலாகத் தலையில் ஏறலாம். என்னைக் கேட்டால், அசோசியேட் பட்டத்தைவிட இந்தப் பதிவு முக்கியம்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து 66 கிரெடிட்டுக்கு மேல் ஏற்கும் கட்டாயம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கேயே 90 வரை சேர்ப்பவர்கள் மீதியை இழக்கிறார்கள். 120இல் ஒரு பெரும் பகுதி 3000, 4000 எண்ணுள்ள மேல்நிலைப் பாடங்களாக இருக்க வேண்டும், அவை கம்யூனிட்டி காலேஜில் பொதுவாகக் கிடைக்காது. ஜெனரல் ஸ்டடீஸ் இளங்கலையில் இந்த மேல்நிலைப் பாடங்களை இரண்டு மூன்று துறைகளிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிமுகப் பாடம் முன்தேவையாக இருக்கும். அதனால் அந்த 18 எலெக்டிவை இஷ்டப்படி சிதறவிடாமல் சைக்காலஜி 2301, சோஷியாலஜி 1301 போல மேலே கதவு திறக்கும் பாடங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசி இரண்டு செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன் அட்வைசரோடு உட்கார்ந்து ஆடிட்டை வரி வரியாகப் பாருங்கள். "அந்தப் பாடத்துக்குப் பதில் இது போதும்" என்று அவர் வாயால் சொன்னால் போதாது, மாற்றுப்படிவம் ஒப்புதலாகி ஆடிட்டில் ஏறியிருக்க வேண்டும். பட்டம் கேட்டு விண்ணப்பிப்பது பல இடங்களில் நம் பொறுப்பு, அதன் கடைசித் தேதி செமஸ்டரின் தொடக்கத்திலேயே முடிந்துவிடலாம். அசோசியேட் முடிக்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்கள், கம்யூனிட்டி காலேஜில் 30 கிரெடிட்டாவது படித்து மொத்தம் 66ஐத் தொட்டதும் ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர் கேட்கலாம். பல்கலைக்கழகம் உங்கள் டிரான்ஸ்கிரிப்டைப் பழைய கல்லூரிக்கு அனுப்பும், விதிகள் நிறைவேறியிருந்தால் அங்கிருந்து அசோசியேட் பட்டம் வந்துசேரும்.