பெரியம்மாவின் நாலாம் கட்டம்

பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குப் போன் மேல் போன். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "டொக்டர் எவ்வளவு காலம் எண்டு சொன்னவர்?" ரொறொன்ரோவில் இருக்கிற அண்ணா இணையத்தைத் துழாவிவிட்டு, ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தானாம் என்று அழுதார்.

கணக்கு பொய்யில்லை. நுரையீரல் புற்றுநோயில் இரண்டு பெரிய வகை: சிறுசெல், சிறுசெல் அல்லாதது; பெரும்பாலானவர்களுக்கு வருவது இரண்டாவது. தூரத்து உறுப்புகளுக்குப் போன பிறகு பிடிபடுகிற, சிறுசெல் அல்லாத வகைக்கு அமெரிக்காவில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நுரையீரலை விட்டு வெளியேறாமல் பிடிபட்டால் நூற்றுக்கு 60க்கு மேல். சிறுசெல் வகை இன்னும் மோசம். ஆனால் ஐந்து வருடக் கணக்குப் பார்க்க, பல வருடங்களுக்கு முதல் நோய் பிடிபட்டவர்களைத்தானே எண்ண முடியும்? இன்றைய மருந்துகள் அவர்களில் பலருக்குக் கிடைத்திராது.

இப்படித் தூரத்துக்குப் பரவியதைத்தான் நாலாம் கட்டம் என்கிறார்கள். நாலாம் கட்டம் என்றாலும் எல்லாருக்கும் ஒரே நாலு இல்லை. கட்டி, நிணநீர்க்கணு, பரவல் மூன்றையும் பார்த்துக் கட்டம் பிரிக்கிற டி.என்.எம். வகைப்படுத்தலின் 8ஆம் பதிப்பிலிருந்து, மார்புக்கு வெளியே ஒரேயொரு கட்டி உள்ளவரையும் பல உள்ளவரையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள். ஒன்றுதான் என்றால் கதிர்வீச்சாலோ கத்தியாலோ அதையும் ஒரு கை பார்க்கலாம். ஈரலுக்குப் போனால் பொதுவாக நிலைமை கடினம். மூளைக்குப் போனால் முன்பெல்லாம் கையை விரித்துவிடுவார்கள். இப்போது மூளைக்குள்ளும் போய் வேலை செய்கிற மாத்திரைகள் சில உண்டு.

"அப்ப எலும்புப் புற்றுநோயும் வந்திட்டுதோ?" என்று கேட்டார் கொட்டாஞ்சேனை மாமி. இல்லை மாமி, எலும்பில் போய்க் குந்தியிருப்பது நுரையீரல் புற்றுநோய்தான். மருந்தும் அதற்குரியதுதான்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, "அம்மா தானாகக் குளிக்கிறாவா, படி ஏறுவாவா?" என்று. பெரியம்மா எங்களை வாய் திறக்க விடவில்லை. "குளிக்கிறது என்ன, இடியப்பமும் நான்தான் பிழியிறன்." டொக்டர் சிரித்தபடி அதைக் குறித்துக்கொண்டார். நோயாளி எவ்வளவு நடமாட்டமாக இருக்கிறார் என்பதை வைத்துத்தான் எந்தச் சிகிச்சையைத் தாங்குவார் என்று பார்க்கிறார்கள்.

அப்புறம் மரபணுச் சோதனை. பெரியம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆசியர்களில், அதுவும் புகைக்காத பெண்களில், புற்றுநோய் செல்களை வளரத் தூண்டுகிற ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் மாற்றம் அதிகம் காணப்படும், அவருக்கும் இருந்தது. அந்த மாற்றம் உள்ளவர்களை வைத்து நடந்த ஃபிளோரா ஆய்வில், அந்த மாற்றத்தைக் குறிவைக்கிற ஒசிமெர்ட்டினிப் மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 38.6 மாதம், பழைய மாத்திரைகளில் 31.8. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதையும் தாண்டியிருந்தார்கள். இதை அண்ணாவுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன்.

வலிக்கு மோர்ஃபின் என்றதும் வீட்டில் ஒரு சண்டை. அது கடைசி நேரத்து மருந்தாம். எனக்குக் கோபம் வந்தது. இடுப்பு வலியில் ஒரு மனுசி இரவிரவாக உட்கார்ந்திருக்கிறா, இவர்கள் சகுனம் பார்க்கிறார்கள்! பரவிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆரம்பத்திலேயே வலி, மூச்சு, மனநிலை எல்லாவற்றையும் கவனிக்கிற பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்து, பொஸ்டனில் ஒரு ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9.

அடுத்த கிழமை வலிக்கான கிளினிக். கிருலப்பனைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ்ஸில் தொங்குகிற கதை சரிவராது என்று ஓட்டோ பேசியிருக்கிறேன்.