தாம்பரத்துக் காற்று

தாம்பரத்தில் வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கர் யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை தவறாமல் சொல்வார்: "காத்து நல்லா இருக்கும் மேடம்." சமையலறை சின்னதாக இருக்கலாம், தண்ணீர் லாரியில் வரலாம், ஆனால் காற்று நல்லா இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இந்த ஊரிலேயே வளர்ந்தவள். காற்றுக்காக ஆட்கள் தாம்பரம் வருவது ஏறக்குறைய நூறு வருஷத்துப் பழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்தக் காற்றைத் தந்த மரங்களை யார் வைத்தார்கள், யார் காப்பாற்றினார்கள் என்று எழுதிவைக்க ரொம்ப நாளாக ஆசை.

முதலில் சானடோரியம். இப்போது அது ரயில் நிலையத்தின் பெயர், பஸ் ஸ்டாப்பின் பெயர். காலேஜ் போகும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கே என்ன இருந்தது என்று தெரியாது. 1928இல் டேவிட் சௌரிமுத்து என்கிற டாக்டர் இங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அங்கே மென்டிப் மலைப் பகுதியில் பல ஆண்டுகள் சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணித மேதை ராமானுஜன் உடம்பு முடியாமல் போய்த் தங்கியது இவருடைய அந்த இடத்தில்தான். அப்பேர்ப்பட்டவர் ஊர் திரும்பி, சென்னைக்குத் தெற்கே இடம் தேடி, தாம்பரத்துக் குன்றையும் காட்டையும் பார்த்து, இதுதான் சரி என்று முடிவு செய்தார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. திறந்த வராந்தா, வறண்ட சுத்தமான காற்று, பால், முட்டை, ஓய்வு, டாக்டர் அளந்து சொல்கிற தூரம் மெதுவாக நடப்பது, இவ்வளவுதான் வைத்தியம். ஆகவே மரம் அங்கே அலங்காரம் இல்லை. அதுவும் வைத்தியத்தில் ஒரு பங்கு. 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

என் அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் உள்ளேயே இருந்தது. வீட்டிலிருந்து வார்டுக்குப் போகும் பாதை முழுக்க வேப்ப மரங்கள். சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து பாதையே தெரியாது. அம்மா சாயங்காலம் திரும்பும்போது வெள்ளைச் செருப்பின் அடியில் பூ அப்பியிருக்கும், வாசற்படியில் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் விளையாட்டுச் சாமான், பின்னால் வந்த காசநோய் ஊசி மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் குப்பிகளின் ரப்பர் மூடிகள். கொதிநீரில் போட்டெடுத்த பிறகுதான் அம்மா எங்களிடம் தருவார். சாம்பல் நிறத்தில், நடுவில் ஊசி குத்திய பொட்டுப் பொட்டான துளைகளோடு இருக்கும். பல்லாங்குழிக்குச் சோழி இல்லாத நாளில் அதை வைத்துத்தான் ஆடுவோம்.

நோயாளிகள் சாயங்காலம் மரத்தடி பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் பக்கத்தில் போனால் அவர்களே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, "அங்கியே நில்லு பாப்பா" என்பார்கள். ஆரணியிலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவர் இருந்தார். தூரத்தில் உட்கார்ந்தபடியே எனக்கு வாய்ப்பாடு கேட்பார். பதினாறாம் வாய்ப்பாடு நான் தப்பில்லாமல் சொல்ல அவர்தான் காரணம். நெசவுக்காரருக்குக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். குணமாகிப் போனவர், அடுத்த தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்குப் பாவாடைக்கு ஒரு பட்டுத் துண்டு, அம்மாவுக்கு ஒரு கும்பிடு. அம்மா வேலை பார்த்த காலம் முழுக்க எத்தனையோ பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், பலர் போகவும் இல்லை. ஆனால் வீட்டில் அவர் அதிகம் பேசியது இந்த ஆரணிக்காரரைப் பற்றித்தான்.

சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வரப் பயப்படுவார்கள். வந்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒருவரைத் தாம்பரத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவதே கஷ்டம். அம்மா இதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. "பயம் போகட்டும், அப்புறம் வருவாங்க" என்பார். பின்னாளில் எய்ட்ஸ் என்றாலே ஊர் நடுங்கிய 90களில், அந்த நோயாளிகளையும் கைநீட்டிச் சேர்த்துக்கொண்டது இதே ஆஸ்பத்திரிதான். அம்மா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு விஷயம் எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தாலும் சானடோரியத்தில் இருப்பவருக்குச் சமமாகக் குணமாகிறது. உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தையே மாற்றிப்போட்ட முடிவு அது. நம் சென்னையில் கண்டுபிடித்தது. மரமும் காற்றும் மருந்துச் சீட்டிலிருந்து அன்றைக்கே போய்விட்டன என்று சொல்லலாம். ஆனால் நட்ட மரத்தை யாரும் பிடுங்கவில்லை. அந்த வளாகத்தில்தான் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. இன்றைக்கு அங்கே டோக்கன் வாங்கிவிட்டு மரத்தடியில் காத்திருக்கிறவர்கள் உட்காருவது அந்தப் பழைய நிழலில்தான்.

ரயிலைச் சொல்லாமல் தாம்பரத்தைச் சொல்ல முடியாது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், ஓடிய முதல் மின்சார ரயில் இதுதான். அப்பாவுக்கு எழும்பூரில் ஆபீஸ். சின்னப் பெட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதிலேயே சீட்டுக்கச்சேரி, பஜனை, கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும். கோடையில் மாம்பலம், கிண்டி தாண்டும்வரை சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், மீனம்பாக்கம் தாண்டினதும் ஒரு காற்று முகத்தில் படும், அதற்கப்புறம்தான் வீட்டு ஞாபகமே வரும் என்பார் அப்பா. 2004இல் அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றன. இப்போது ஓடும் அகலப் பாதை வண்டிகள் வசதியானவைதான், எனக்கு அதில் குறையில்லை. சீசன் டிக்கெட்காரர்களின் நட்பு மட்டும் பழைய மாதிரி இல்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்டவாளத்துக்குக் கிழக்கே கிறிஸ்தவக் கல்லூரி. 1837இல் ஜார்ஜ் டவுனில் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது, சரியாக நூறு வருஷம் கழித்து 1937இல் இங்கே வந்து சேர்ந்தது. சேலையூர் காட்டில் 365 ஏக்கர். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் அதைக் காடு என்றே சொல்ல முடியாது. விறகுக்கு வெட்டி வெட்டி முழங்கால் உயரப் புதராக நின்ற நிலம். அதைக் காடாக்கியதில் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியருக்கும் அவர் மனைவி ஆலிஸுக்கும் பெரிய பங்கு. பார்ன்ஸ் பாடம் நடத்தியது வேதியியல், மனசு இருந்தது செடி கொடியில். தென்னிந்திய மலைகளில் தாவரங்களைத் தேடிப்போய், அதுவரை பெயர் இல்லாதவற்றுக்குப் பெயர் கொடுத்தவர். கல்லூரி இங்கே வந்த சில வருஷங்களில், 1941இல் இறந்துபோனார். ஆலிஸ் அம்மையார் ஊரூராக விதை கொண்டுவந்து நட்டது பற்றி அங்கே வேலை பார்த்த பழைய தோட்டக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்களாம். எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் வெளியிலிருந்து நட்டதோடு நிற்காமல், ஏற்கெனவே இருந்த புதரை வெட்டவிடாமல் காத்தது. நம் கிழக்குக் கடற்கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக் காடு அது. வெட்டாமல் விட்டால் தானே எழுந்து நிற்கும்.

என் அண்ணன் அங்கே தாவரவியல் படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். விடுதிகளைத் தாண்டி, செம்மண் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு புதர் மரம். இலை தடிப்பாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. கிளையெல்லாம் நீலம். காம்பின் நுனியில் பூக்கவில்லை, இலைக்கக்கத்திலும் பட்டையிலிருந்து நேராகவும் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவும் மிளகளவுதான் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் அதற்குள் இன்னும் ஆழமான நீலத்தில் மகரந்தத் தாள்கள். "இதுதான் காயா" என்றான். காயாம்பூ வண்ணன் என்று மார்கழி முழுக்கக் கோயிலில் காதில் விழுந்த பெயர். அந்த வண்ணம் எது என்று நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு சைக்கிள் மிதி தூரத்தில் பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கிளையை விட்டு வர மனசில்லாமல் நின்றேன். சற்றுத் தள்ளி இரண்டு புள்ளிமான்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றை அண்ணன்தான் காட்டினான், எனக்குப் பூதான் முக்கியமாக இருந்தது.

அங்கே களாக்காய் உண்டு, சூரைப்பழம் உண்டு. சூரை முள் கையைக் கிழிக்கும், விதைதான் பெரிசு, சதை பேருக்குத்தான். இருந்தாலும் சட்டைப் பை நிறையக் கொண்டுவருவோம்.

1938 டிசம்பரில், கட்டடத்துச் சுண்ணாம்பு காயுமுன், உலகமெங்குமிருந்து திருச்சபைப் பிரதிநிதிகள் இந்தக் கல்லூரியில் கூடிப் பெரிய மாநாடு நடத்தினார்கள். அந்தச் சபைகளின் வரலாற்றில் இன்றும் அதைத் தாம்பரம் மாநாடு என்றே சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் எங்கெங்கோ புத்தகங்களில் இருக்கிறது. ஊருக்குள் அது யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த இரண்டு வளாகங்கள், அப்புறம் விமானப்படை நிலம். தாம்பரத்தின் பச்சை பெரும்பாலும் இந்த மதில்களுக்குள்தான் மிஞ்சியிருக்கிறது. மதிலுக்கு வெளியே ஏரிகள் இருந்தன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்கரணை என்று ஒன்றை அடுத்து ஒன்று. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போக வாய்க்கால். வாய்க்காலின் மேல் வீடு வந்தது, ஏரிக்குள் சாக்கடை வந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்து, தெருக்களில் படகு ஓடியபோதுதான் பலருக்கு, தண்ணீருக்கென்று ஒரு பாதை இருந்தது என்பதே உறைத்தது. சிட்லபாக்கத்து மக்கள் 2019 வறட்சியில் தாங்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். நான் பார்த்த நல்ல காட்சிகளில் அதுவும் ஒன்று.

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் வர்தா புயல். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. மதியம் காற்று ஒரு பக்கம் அடித்து ஓய்ந்து, மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. கல்லூரிக் காட்டிலும், பக்கத்தில் வண்டலூர் பூங்காவிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை நான் தெருத்தெருவாக நடந்து பார்த்தேன். வேரோடு கிடந்தவை பெரும்பாலும் தூங்குமூஞ்சி, குல்மோஹர், மஞ்சள் பூ கொட்டும் இயல்வாகை. வேகமாக வளரும், அழகாகப் பூக்கும், வேர் மட்டும் ஆழமில்லை. அதிலும் சிமெண்டுத் தரையால் கழுத்தை நெரித்துவைத்தால் எப்படி நிற்கும்? பனை நின்றது. நாவலும் பூவரசும் கிளை ஒடிந்து நின்றன. அன்றிலிருந்து, மரம் நடுவது என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி "என்ன மரம்?" என்பதுதான். எண்ணிக்கையைச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற நடவில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாவல் இருக்கிறது, அம்மா ஓய்வு பெற்ற வருஷம் வைத்தது. ஆனி, ஆடியில் பழம் கொட்டித் தெருவே ஊதாவாகிவிடும். எதிர்வீட்டுத் தம்பி வெள்ளைக் கார் வாங்கிய வருஷம், கிளையை வெட்டச் சொல்லி வந்தார். நான் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஸ்ட்ரெப்டோமைசின் மூடியிலிருந்து ஆரம்பித்து இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இப்போது பழக்காலத்தில் காரை முக்கில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து 70 வார்டு. எங்கள் தெருவில் மரம் வைக்கச் சொல்லி வார்டில் மனு கொடுத்திருக்கிறோம். புங்கன், பூவரசு, மகிழம், இடம் விரிந்த மூலையில் நாவல் என்று மரத்தின் பெயரையும் எழுதியே கொடுத்தோம். சிமெண்டை ஒரு கஜ அகலத்துக்கு உடைத்துவிட்டுத்தான் குழி எடுக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னவர் எதிர்வீட்டுத் தம்பிதான். ஆவணிக்குள் குழி எடுத்து எருவும் செம்மண்ணும் போட்டு ஆறவிட்டால், ஐப்பசி மழையில் கன்று வேர் பிடித்துக்கொள்ளும்.