ஷேல் வாயுவும் பவானித் தண்ணீரும்

நீலகிரிக்கு அடியில் ஷேல் வாயு, அதாவது ஷேல் என்னும் களிப்பாறைக்குள் சிக்கியிருக்கும் இயற்கை எரிவாயு, கிடையாது. நம் மலை பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய சார்னோக்கைட் பாறை. கடலடிச் சேறு படிந்து, அதில் உயிர்ப்பொருள் மக்கிப் புதைந்து, அளவான சூட்டில் பல கோடி ஆண்டுகள் கிடந்தால்தான் அந்த வாயு உண்டாகும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட படிவுகள் இருப்பது காவிரிப் படுகையில். அப்புறம் கோத்தகிரியில் இருக்கிற எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், தண்ணீர்தான். குந்தாவில் மின்சாரம் எடுத்துவிட்டு வெளியேறும் தண்ணீர் பவானியில் இறங்கி, பவானிசாகரைத் தாண்டி, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து டெல்டாவுக்குப் போகிறது. அங்கே வாயுக் கிணறு தோண்டினால் அதற்குச் செலவாகும் தண்ணீரில் இங்கே பெய்த மழையும் உண்டு.

அமெரிக்காவில் ஷேல் வாயு எடுப்பது எப்படிப் பெருகியது என்று பார்த்தால், பாறை மட்டும் காரணமில்லை என்பது தெரியும். டெக்சாஸின் பார்னெட் பாறையில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1980களிலிருந்து விடாமல் முயன்று, 1990களின் கடைசியில், மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்த தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையை உடைக்கும் ஃபிராக்கிங் முறையைக் கட்டுப்படியாகிற விலைக்குக் கொண்டுவந்தது. 2002இல் டெவன் என்ற எண்ணெய் நிறுவனம் மிட்செலின் நிறுவனத்தை வாங்கி, கிணற்றைப் பக்கவாட்டில் திருப்பித் துளைப்பதையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது நில உரிமை. அங்கே பல இடங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரரே அடியில் இருக்கும் வாயுவுக்கும் சொந்தக்காரர், விற்பனையில் அவருக்குப் பங்கு வரும், அதனால் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே அடியில் இருப்பது அரசுடையது. வயலை இழக்கிறவருக்கு மேல்மண்ணுக்கான இழப்பீடு மட்டும்தான், பிறகு அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

அமெரிக்காவில் குழாய்ப் பாதைகளும் முன்பே இருந்தன, கடன் தர ஆட்களும் இருந்தார்கள். பத்து லட்சம் பிடியு (வெப்பத்தை வைத்து வாயுவை அளக்கும் அலகு) வாயு 2008இல் 12 டாலருக்கு மேல் விற்றது, வாயு பெருகியதும் 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. நிலக்கரி மின்நிலையங்கள் வரிசையாக மூடப்பட்டதற்கு இந்த மலிவு ஒரு பெரிய காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எண்பது மடங்குக்கு மேல் சூடேற்றும். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஷேல் வாயுவைச் சுத்தமான எரிபொருள் என்று சொல்லக் கூடாது.

பிரான்ஸ் 2011இலேயே ஃபிராக்கிங்கைத் தடை செய்தது. இங்கிலாந்து 2019இல் லங்காஷயரில் நிலம் அதிர்ந்த பிறகு நிறுத்தி வைத்தது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். ஒரு கிணற்றில் பாறையை உடைக்கப் பெரும்பாலும் ஒரு கோடி லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், பல கிணறுகளுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும், திரும்பி வருவது கடும் உப்போடும் ரசாயனத்தோடும் வரும், வயலில் விட முடியாது. அதோடு முடிவதில்லை, ஷேல் கிணற்றின் உற்பத்தி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே சரிந்துவிடும் என்பதால், அளவு குறையாமல் இருக்கப் புதுக் கிணறுகளைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மறுபடியும் அதே தண்ணீர். மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குறுவை விவசாயியிடம் போய் இதைக் கேட்பது நியாயமே இல்லை.

இந்தியாவில் 2011இல் மேற்கு வங்கத்தின் துர்காபூர் பக்கம் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி சோதனைக் கிணற்றில் ஷேல் வாயு கண்டது, 2013இல் ஷேல் வாயுவுக்கான கொள்கை வந்தது, வணிக உற்பத்தி இன்னும் இல்லை. ஆனாலும் அமெரிக்க ஷேல் நம் அடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே வாயுவோடு சேர்ந்து வரும் புரொப்பேனில் ஒரு பங்கை நாம் சிலிண்டருக்காக வாங்குகிறோம், 2026க்கு மட்டும் 22 லட்சம் டன் எல்பிஜிக்கு ஒப்பந்தம். என் வீட்டு சிலிண்டருக்காக டெக்சாஸில் யாருடைய தண்ணீர் போகிறது என்பதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், மீத்தேன், ஷேல் வாயு எடுப்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம், ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளைத் தொடாது. காவிரிப் படுகையோ ராமநாதபுரம் வரை நீள்கிறது, அந்த மாவட்டம் சட்டத்தின் பட்டியலில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.