தாய் தகப்பன் இல்லாத டிராகன்

போன ஞாயிறு மத்தியானம் கரண்ட் திரும்பி வந்ததும் மருமகன் முதல் வேலையாக கேமைப் போட்டான். 2019இல் வந்த 'டிராகன்ஸ்: டோன் ஒஃப் நியூ ரைடர்ஸ்'. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தில் வருகிற டூத்லெஸ் போன்ற டிராகன்கள் அவனுக்கு அத்துபடி. இதில் நாயகன் வேறு: நினைவிழந்த எழுத்தன் ஸ்கிரிப்ளர். அவனோடு வருகிற பாட்ச், கைமராகன் என்கிற இனம். படங்களில் இல்லாத இனம், இந்த கேமுக்காகவே உருவாக்கியது. பல டிராகன்களின் கலப்பு.

மருமகன் பாட்சை அப்படியே நிறுத்திவைத்து, டிவியில் விரல் வைத்துக் கேட்டான்:

"மாமா, இதுக்கு அம்மா ஆரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாட்ச் என்றாலே ஒட்டுத்துண்டுதான். கிழிந்த சாரத்துக்கு அம்மம்மா வேறு நிறத் துணி வைத்துத் தைப்பாவே, அது.

பின்னேரம் அவனைத் திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குள் புள்ளிமான்கள் வழக்கம்போல ஆட்களுக்குப் பயமில்லாமல் மேய்ந்தன. நடக்க நடக்க யாளியைப் பற்றிச் சொன்னேன்: சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, தந்தம். எங்கள் சிற்பிகள் தூணிலும் தேரிலும் செதுக்கிய கலப்பு. கைமராகனை வரைந்தவர்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அந்தக் கற்பனைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. கோயில் நிற்கிற சுவாமி மலையில் காற்று சட்டையைப் பிய்த்தது. பிறகு கேட்டான்:

"அப்ப யாளி பறக்குமா மாமா?"

இரவு கொப்பியில் இறக்கை வைத்து ஒன்று வரைந்திருந்தான். தும்பிக்கை நுனியில் சிவப்புப் பென்சிலால் நெருப்பு.