தகர டப்பா

மே 11, 2019, ரங்கூன்
இவர் கைக்கட்டைப் பிரிக்க இன்னும் ஆறு வாரம் ஆகுமாம். மூட்டை தூக்குகிறவருக்கு வலது கை முறிந்தால் ஆறு வாரம் அடுப்பு எப்படி எரியும் என்று நான் யாரிடம் கேட்பது?

மே 14
லாயிங்தாயா தையல் தொழிற்சாலைக்குப் பெரியவளை அனுப்பலாம் என்று அத்தை சொன்னார். பதினான்கு வயது நிரம்பிவிட்டது, நாள் கூலி 4,800 கியாட். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனமோ அதற்குள் அந்தத் தொகையை இருபத்தாறு நாளால் பெருக்கிக்கொண்டிருந்தது.

மே 15
உறக்கமில்லை. 1985-இல் பழைய நோட்டுகளைச் செல்லாதாக்கிய பிறகு வந்த புது நோட்டு என்பதால், அப்பா 75 கியாட் நோட்டையே நம்பினார். கரையான் அரிக்காமலிருக்கக் கற்பூரம் போட்டு, தகர டப்பாவில் அடுக்கி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று நே வின் அரசு அறிவித்தது. மாற்றிக்கொள்ளவும் வழி வைக்கவில்லை. அந்த மாதமே ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கிட்டங்கியில் உளுந்தில் கல் பொறுக்கப் போனேன். மாலையில் நகக்கண்ணில் ஏறிய கருப்புத் தூளை அம்மா ஈர்க்குச்சியால் எடுத்துவிடுவார். ஒரே ஒரு பருவத்துக்குத்தான் என்றார்கள்.

மே 16
வட்டிக்காரர் வந்து போனார். நூற்றுக்கு மாதம் பத்து.

மே 21
நோட்டு செல்லாமல் போன அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் பணமாக வைத்ததில்லை. கையில் சிறிது சேர்ந்தால் ஒரு குன்றிமணித் தங்கமாவது வாங்கிவிடுவோம், பிறகு மழைக்காலத்தில் வேலை குறையும்போது அதையே அடகு வைத்து, விலையில் பாதியை வட்டியாகக் கட்டி மீட்போம். இது அப்பாவின் பயம். நான் அதைச் சீதனம்போலக் கொண்டுவந்து இந்த வீட்டிலும் வைத்துவிட்டேன். படித்திருந்தால் மாதச் சம்பளக்காரியாக இருந்திருப்பேன் என்று சொல்லவில்லை. இவர் கைநாட்டு வைத்த தாளில் விபத்துக்கு இழப்பீடு உண்டா என்று வாசித்துப் பார்க்கவாவது பர்மிய எழுத்து எனக்குக் கைவந்திருக்கும்.

மே 26
பெரியவள் கணக்குப் புத்தகத்துக்குப் பழைய நாட்காட்டித் தாளில் உறை போடுகிறாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மே 29
கற்பூர வாசனை. சாமி மாடத்திலிருந்துதான் வந்தது, ஆனாலும் எழுந்து போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன்.

ஜூன் 1
தோட்டை அடகுக் கடையில் வைத்து ட்யூஷனுக்கு முன்பணம் கட்டினேன். அத்தை என்னோடு பேசவில்லை. பச்சைச் சீருடை லுங்கியின் மடிப்பைப் பிரித்து இரண்டு விரற்கடை நீளம் விட்டிருக்கிறேன். தொழிற்சாலைத் தரகர் நாளை மாலை பதில் கேட்டு வருகிறார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.